வருஷக் கடைசியில் ஒரு கடன்

வருஷம் முடியப் போகிறதென்றால் கணக்குப் பார்க்கும் புத்தி தானாகவே வந்துவிடுகிறது. பால் கணக்கையும் மளிகைக் கணக்கையும் வீட்டிலுள்ளவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு மிஞ்சியது புத்தகக் கணக்குத்தான். படித்து முடித்த புத்தகங்களின் பெயரை ஒரு நோட்டில் குறித்து வைப்பது என் வெகுநாளைய வழக்கம். இந்த வருஷத்துப் பக்கத்தைப் புரட்டியபோது எனக்கே திகைப்பாயிருந்தது. மொத்தம் 14 புத்தகங்கள்; அவற்றுள் 9 மாயாஜால நாவல்களும் விஞ்ஞானக் கற்பனை நாவல்களும்! தலை நரைத்து, பென்ஷன் வாங்கும் ஒரு மனிதன் செய்கிற காரியமா இது என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சென்ற பங்குனி மாதத்தில் இதே கேள்வியைக் கேட்டவன் நானேயல்லவா?

அப்போது பரீட்சை நெருங்கியிருந்தது. என் பேத்தி கணக்குப் புத்தகத்துக்குள் வேறொரு புத்தகத்தை மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். "பறக்கும் நாகமும் மந்திரக்கோலும் உனக்குச் சோறு போடுமா?" என்று கடிந்து, அதைப் பிடுங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் அழவில்லை. "தாத்தா, நீங்களும் அதைப் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னாள். குற்றப் பத்திரிகை தயாரிக்கும் எண்ணத்துடனேயே அன்றிரவு அதைத் திறந்தேன்.

அர்ஸுலா லெ குவின் என்ற அமெரிக்க ஆசிரியை 1968-இல் எழுதிய 'எர்த்ஸீ மந்திரவாதி' அது. ஆடு மேய்த்த சிறுவன் ஒருவன் மந்திர வித்தை கற்கச் செல்கிறான். ஒரு பொருளை வசப்படுத்த வேண்டுமானால் அதன் உண்மைப் பெயரை அறிந்தாக வேண்டும் என்பது அவ்வுலகத்தின் விதி. உடன் படிக்கும் மாணவன் ஒருவனுக்குத் தன் திறமையைக் காட்ட எண்ணி, கர்வத்தினால், இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான் சிறுவன். அவளைத் தொடர்ந்து ஒரு கரிய நிழலும் உலகத்தில் புகுந்துவிடுகிறது. திறந்த வழியை அடைத்த குருநாதர் தம் உயிரையே கொடுக்க நேர்கிறது. நிழலுக்கு அஞ்சித் தீவு தீவாக ஓடுகிற அவன், ஒரு நாள் திரும்பி நின்று அதையே துரத்தத் தொடங்குகிறான். முடிவில் அந்த நிழலுக்கு அவன் சொல்லும் பெயர் எது தெரியுமா? அவனுடைய சொந்தப் பெயர்தான்!

புத்தகத்தை மூடியபோது இரவு இரண்டு மணி. தான் செய்த பிழையிலிருந்து எவ்வளவு தூரம் ஓடினாலும் தப்ப முடியாது என்பதை எந்தக் கணக்குப் புத்தகம் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரும்? குற்றப் பத்திரிகை எழுதும் உத்தேசம் அன்றோடு போயிற்று.

பிறகு நானாகத் தேடிப் படித்தது, மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்'. 1815-இல் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக, மறு வருஷம் ஐரோப்பாவில் கோடைக்காலமே குளிர்ந்துபோயிற்று. ஜினீவா ஏரிக்கரையில் மழையினால் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நண்பர் கூட்டத்தில், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் கவி பைரன். அந்தப் பந்தயத்தில் பிறந்த கதை இது. அப்போது மேரிக்கு வயது 18. புத்தகம் 1818 ஜனவரி 1-ஆம் தேதி, ஆசிரியையின் பெயர் இல்லாமலே வெளிவந்தது. பிராங்கன்ஸ்டைன் என்பது அந்தப் பூதத்தின் பெயர் என்று நானும் இத்தனை காலம் எண்ணியிருந்தேன். அல்ல, அதைப் படைத்தவன் பெயர் அது. படைத்தது அவன் செய்த பெரிய பாவமன்று. கண் விழித்த படைப்பைக் கண்டு அருவருத்து, அதை அநாதையாக விட்டு ஓடினானே, அதுதான் பாவம். இயந்திரங்களுக்கு அறிவூட்டிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில் இதை ஒவ்வொருவரும் ஒரு முறை படிப்பது நல்லது.

நிற்க. "இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நமக்கெதற்கு?" என்றார் என் நண்பர் ஒருவர். அவருக்கு நான் கொடுத்தது 'சுல்தானாவின் கனவு' என்ற சிறிய கதை. வங்காளத்து ரொக்கேயா சகாவத் ஹுசைன் அம்மையார் ஆங்கிலத்தில் எழுதியது. 1905-இல் அதை முதலில் வெளியிட்ட பத்திரிகை நம் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்ததுதான்! அந்தக் கனவு நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். பெண்கள் ஆட்சி புரிகிறார்கள். சூரிய வெப்பத்தில் சமையல் நடக்கிறது. மேகத்திலிருந்து குழாய் வழியே நீர் இறங்குகிறது. ஆகாயத்தில் வண்டிகள் பறக்கின்றன. எழுதியவரோ பள்ளிக்கூடத்தின் வாசலை மிதித்தறியாதவர். தமையனாரிடம் ஆங்கிலம் கற்றவர். கனவு கண்டதோடு அவர் நிற்கவில்லை. கணவரை இழந்த பின், 1911-இல் கல்கத்தாவில் பெண்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கினார். கனவுக் கதை வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடும் வழி என்பவர்களுக்கு இதைவிட வேறு என்ன பதில் வேண்டும்?

ஒன்பதும் உத்தமமானவை என்று நான் சாதிக்க வரவில்லை. சிலவற்றில் கதாநாயகன் இக்கட்டில் அகப்படும் போதெல்லாம் புதியதொரு மந்திரம் வந்து காப்பாற்றிவிடுகிறது. விலை கொடுக்காமல் கிடைக்கும் மந்திரத்தில் சுவையும் இல்லை, பயனும் இல்லை. நல்ல கற்பனைக் கதை நம்மை எவ்வளவு தூரம் அழைத்துச் சென்றாலும், திரும்பி வரும்போது ஒரு கடமையைக் கையில் கொடுத்து அனுப்புகிறது.

என் கையிலும் ஒன்று கிடைத்தது. சென்ற வாரம் பேத்தியைக் கூப்பிட்டு, ஒன்பது மாதமாக என் அலமாரியிலிருந்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, "நான் பிடுங்கியது தப்பு, அம்மா" என்றேன். பெரியவர்கள் குழந்தைகளிடம் இந்த வார்த்தையைச் சொல்வது, மந்திரம் கற்பதைவிடக் கடினமாகத்தான் இருக்கிறது. அவள் சிறிது நேரம் என்னையே பார்த்துவிட்டு, "இதற்கு இரண்டாம் பாகம் உண்டு, தாத்தா" என்றாள்.

புது வருஷத்துக் கணக்கில் முதல் செலவு எதுவென்று தீர்மானமாகிவிட்டது.