சட்டம் + கணக்கியல்: ஐந்தாண்டில் இரண்டு பட்டம். ஆனா, தொழில் எத்தனை?

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வந்ததும் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "சட்டம் எடுக்கலாமா, கணக்கியல் எடுக்கலாமா?" மதிப்பெண் நன்றாக இருந்தால் அடுத்த கேள்வியும் கூடவே வரும். "ரெண்டையும் சேர்த்தே படிச்சிடலாமே? ஒண்ணு கைவிட்டாலும் இன்னொண்ணு இருக்கும்ல?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், இரண்டு பட்டம் வாங்குவதும் இரண்டு தொழிலுக்குத் தகுதி பெறுவதும் ஒன்றா? விண்ணப்பிக்க இருப்பது சில வாரங்கள்தான். அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைப் பார்ப்போம்.

இரட்டைப் பட்டம்னா என்ன?

சிங்கப்பூரில் சட்டப் பட்டக்கல்வி வழங்கும் பல்கலைக்கழகங்கள் மூன்று: சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம். முதல் இரண்டிலும் சட்டத்தையும் கணக்கியலையும் இரட்டைப் பட்டமாகச் சேர்த்துப் படிக்கலாம். சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்வி குற்றவியல், குடும்பச் சட்டங்களில் கவனம் செலுத்துகிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் உண்டு, சட்டப்பள்ளி கிடையாது.

சட்டப் பட்டம் மட்டும் என்றால் நான்கு ஆண்டு. இரண்டும் சேர்ந்தால் பொதுவாக ஏறக்குறைய ஐந்து ஆண்டு. "எப்படி இவ்வளவு சீக்கிரம் முடியுது?" என்று கேட்கலாம். சில பாடங்கள் இரண்டு பட்டத்துக்கும் பொதுவாக எண்ணப்படும். ஒரு பட்டத்தில் விருப்பப் பாடங்களுக்கு ஒதுக்கியிருக்கும் இடத்தை மற்றொரு பட்டத்தின் கட்டாயப் பாடங்கள் எடுத்துக்கொள்ளும்.

அதில்தான் ஒரு விலை இருக்கிறது. சட்டம் மட்டும் படிக்கும் நண்பர் மனித உரிமை, அறிவுசார் சொத்து, குடும்பச் சட்டம் என்று பிடித்ததைத் தேர்ந்தெடுப்பார். நீங்கள் அந்த நேரத்தில் தணிக்கை வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள்.

சட்டத்துக்கான எழுத்துத் தேர்வும் நேர்முகமும் தனி. உள்ளே போன பிறகு மதிப்பெண் சராசரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் இரட்டைப் பட்டத்தைத் தொடர்வதே சிக்கலாகிவிடலாம்.

ஏன் இந்த இரண்டும் ஒன்றாக?

ஏனென்றால், பணம் சம்பந்தப்பட்ட பெரிய வழக்குகளில் கணக்கு எங்கே முடிகிறது, சட்டம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடிவதில்லை. சிங்கப்பூரிலிருந்தே மூன்று எடுத்துக்காட்டுகள்.

முதலாவது, ஒரு பல் மருத்துவரின் வரி வழக்கு. அவர் முதலில் ஒரு மருந்தகத்தில் ஊழியராக இருந்தார். பிறகு சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினார். செய்த வேலை அதேதான். ஆனால், அதற்கான பணம் கம்பெனிக்குப் போனது. கம்பெனியிடமிருந்து அவர் குறைந்த சம்பளம் எடுத்துக்கொண்டார். சிங்கப்பூரில் நிறுவன வரி 17 விழுக்காடு. தனிநபருக்கான உச்ச வரி விகிதம் அதைவிட அதிகம், இப்போது 24 விழுக்காடு. கம்பெனி தரும் லாப ஈவுக்கு வரி கிடையாது. வித்தியாசம் புரிகிறதா?

இதில் பிரச்சினை கூட்டல் கழித்தலில் இல்லை. கம்பெனி தொடங்குவதும் குற்றம் இல்லை. "வரியைக் குறைப்பதுதான் இந்த ஏற்பாட்டின் முக்கிய நோக்கமா?" என்பதுதான் கேள்வி. வருமான வரிச் சட்டத்தின் 33ஆம் பிரிவு கேட்பது அதைத்தான். 2020இல் உயர் நீதிமன்றம் வரி அதிகாரிகளின் பக்கம் தீர்ப்பளித்தது. வருமானம் எப்படி ஓடியது என்பதைக் கணக்குப் புத்தகம் காட்டும். அது ஏன் அப்படி ஓடியது என்பதைச் சட்டம் கேட்கும். இரண்டையும் படிக்கத் தெரிந்தவருக்கு இங்கே வேலை இருக்கிறது. அண்மையில் விதிமுறை இன்னும் கடுமையாகியிருக்கிறது. 2023 வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, இப்படி வரி தவிர்த்ததாக முடிவானால் தவிர்த்த தொகையில் 50 விழுக்காடு கூடுதல் கட்டணம் உண்டு.

இரண்டாவது, ஹின் லியோங் எண்ணெய் வர்த்தக நிறுவனம். ஏறத்தாழ 800 மில்லியன் அமெரிக்க டாலர் நட்டத்தைப் பல ஆண்டுகளாகக் கணக்கில் காட்டாமல் மறைத்தது 2020இல் வெளியே வந்தது. நிறுவனர் லிம் ஊன் குயின், எச்எஸ்பிசி வங்கியை ஏமாற்றிய குற்றத்துக்கும் போலி ஆவணம் தயாரிக்கத் தூண்டிய குற்றத்துக்கும் குற்றவாளி என்று 2024 மே மாதம் தீர்ப்பானது. நடக்காத இரண்டு எண்ணெய் விற்பனைகளைக் காட்டி வங்கியிடம் பணம் பெறப்பட்டது.

ஒரு விற்பனை என்றால் என்ன? வழக்கறிஞருக்கு அது ஒப்பந்தம். கணக்காளருக்கு அது வரவேண்டிய பணம். ஒப்பந்தமே பொய் என்றால் கணக்கில் இருக்கும் அந்த வரியும் பொய். தொட்டியில் இருக்கும் எண்ணெய் யாருக்குச் சொந்தம், எந்த வங்கிக்கு எது அடமானம் என்பதற்கும் இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்துதான் பதில் தேட வேண்டியிருந்தது.

மூன்றாவது, 2023 ஆகஸ்ட்டில் வெடித்த பணமோசடி வழக்கு. 10 வெளிநாட்டவர் கைதானார்கள். சம்பந்தப்பட்ட சொத்துகளின் மதிப்பு 3 பில்லியன் வெள்ளியைத் தாண்டியது. சிங்கப்பூரில் பதிவாகும் ஒவ்வொரு கம்பெனிக்கும் இங்கே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும். அதனால், பெயருக்கு இயக்குநராக இருப்பதே சிலருக்குத் தொழிலானது. அவர்கள் கையெழுத்துப் போட்ட கம்பெனிகளில் என்ன நடந்தது என்பது அவர்களுக்கே தெரியாத நிலை இருந்தது.

இப்போது அதற்கென்றே ஒரு சட்டம் வந்துவிட்டது. நிறுவனச் சேவை வழங்குநர்கள் சட்டம் 2025 ஜூன் 9ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பெயருக்கு இயக்குநராக இருப்பதைத் தொழிலாகச் செய்பவர், பதிவுபெற்ற சேவை வழங்குநர் மூலமாகத்தான் அந்தப் பொறுப்பை ஏற்க முடியும். அவர் தகுதியானவரா என்று அந்தச் சேவை வழங்குநர் சரிபார்க்க வேண்டும். பணமோசடித் தடுப்பு விதிகளை மீறினால் 100,000 வெள்ளி வரை அபராதம். கம்பெனிகளைப் பதிந்து, கணக்கு பார்த்து, ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் சின்னச் சின்ன அலுவலகங்களுக்கும் இனி சட்ட அறிவு கட்டாயமாகிறது.

சரி, பட்டம் ரெண்டு. தொழில் எத்தனை?

இங்கேதான் பலர் தப்புக்கணக்கு போடுகிறார்கள். பட்டம் வாங்கிய அன்று நீங்கள் வழக்கறிஞரும் இல்லை, பட்டயக் கணக்காளரும் இல்லை. இரண்டுக்கும் தனித்தனிப் பாதை இருக்கிறது.

வழக்கறிஞராகத் தொழில் செய்ய, பட்டத்துக்குப் பிறகு சிங்கப்பூர்ச் சட்டக் கல்விக் கழகத்தின் 'பார்ட் பி' பயிற்சியும் தேர்வும் உண்டு. ஏறக்குறைய அரை ஆண்டு. அதோடு ஒரு சட்ட நிறுவனத்தில் தொழிற்பயிற்சி. இது முன்பு ஆறு மாதமாக இருந்தது. 2023இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு ஓர் ஆண்டாகிவிட்டது. வழக்கறிஞராகத் தொழில் செய்ய விருப்பம் இல்லாதவர்கள், பயிற்சி இல்லாமல் தேர்வில் மட்டும் தேறி, தொழில் புரியாத வழக்கறிஞராகப் பதிந்துகொள்ளவும் அந்தத் திருத்தம் வழிவிடுகிறது. நிறுவனங்களுக்குள் வேலை பார்க்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

பட்டயக் கணக்காளராக, சிங்கப்பூர் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தேர்வுகளை எழுத வேண்டும். கூடவே மூன்று ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். சட்ட நிறுவனத்தில் செய்த பயிற்சி தானாக இதில் சேர்ந்துவிடாது.

கூட்டிப் பாருங்கள். தேசிய சேவையை முடித்துவிட்டு 21 வயதில் பல்கலைக்கழகம் போகும் ஒருவர் 26இல் பட்டம் வாங்குவார். வழக்கறிஞராகும்போது வயது 27 அல்லது 28. அதன் பிறகு பட்டயக் கணக்காளர் தகுதியும் வேண்டும் என்றால் 30ஐத் தாண்டிவிடும். அதற்குள் சட்ட நிறுவனத்தில் கிடைக்கும் சம்பளத்தை விட்டுவிட்டு, மறுபடி தணிக்கை நிறுவனத்தில் கீழ்ப்படியில் சேர எத்தனை பேருக்கு மனம் வரும்? அதனால், நடைமுறையில் பெரும்பாலோர் ஒரு வாசலில்தான் நுழைகிறார்கள். மற்றொரு பட்டம் அவர்களுக்கு அறிவாக இருக்கும், உரிமமாக இருக்காது.

அறிவாக இருப்பது வீண் என்று சொல்லவில்லை. வரிச் சச்சரவு, நிறுவன இணைப்பு, நிதிக் குற்ற விசாரணை, கடனில் சிக்கிய நிறுவனங்களின் மறுசீரமைப்பு ஆகிய நான்கிலும் அது நேரடியாகக் கைகொடுக்கும். அதிலும் கடைசித் துறை சுவாரசியமானது. நொடித்துப்போன நிறுவனத்தின் சொத்தைத் திரட்டிக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கலைப்பாளர் வேலைக்கு உரிமம் வேண்டும். 2020 ஜூலையில் நடப்புக்கு வந்த நொடிப்புச் சட்டம், அந்த உரிமத்துக்கு வழக்கறிஞரும் விண்ணப்பிக்கலாம், பட்டயக் கணக்காளரும் விண்ணப்பிக்கலாம் என்கிறது. அனுபவம் முதலிய நிபந்தனைகள் உண்டு. ஆனால், எந்த வாசலில் நுழைந்தாலும் ஒரே அறைக்குப் போய்ச் சேரும் வேலை அது. வரி ஆணையம், நாணய ஆணையம், காவல்துறையின் வர்த்தக விவகாரப் பிரிவு, தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் ஆகியவற்றிலும் இந்த இரண்டு மொழியும் தெரிந்தவர்களுக்குப் பயனுள்ள வேலைகள் உண்டு.

"ரெண்டு இருந்தா பாதுகாப்பு" - உண்மையா?

பெற்றோர் சொல்லும் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒரு துறை படுத்துவிட்டால் இன்னொன்று காப்பாற்றும் என்ற எண்ணம்.

ஆனால், இரண்டு துறைக்கும் வரும் தலைவலி கிட்டத்தட்ட ஒன்றே. தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் அண்மை ஆண்டுகளில் இளம் வழக்கறிஞர்கள் விலகிச் செல்வதைப் பற்றித் தொடர்ந்து பேசிவருகிறார். புதிதாகச் சேர்ந்த வழக்கறிஞர்களிடம் நடத்திய கருத்தாய்வில், ஐந்து ஆண்டுக்குள் தற்போதைய நிறுவனத்தை விட்டுப் போகக்கூடும் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். மிதமிஞ்சிய வேலைப்பளு அதற்கு முக்கியக் காரணம். கணக்கியல் துறையும் இளையர்களை ஈர்க்கத் திணறுகிறது. அதை ஆராயவே ஒரு மறுஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. செயற்கை நுண்ணறிவு முதலில் தொடுவதும் இரண்டு துறையிலும் ஒரே இடத்தைத்தான்: ஆவணங்களைப் படித்துச் சுருக்குவது, எண்களைச் சரிபார்ப்பது எனப் புதியவர்களுக்குக் கொடுக்கப்படும் வேலைகள்.

மழை இரண்டு வீட்டின்மேலும் ஒரே நேரத்தில் பெய்தால் இன்னொரு வீடு இருப்பது பெரிய உதவி இல்லை. பயம் காரணமாக இந்தப் படிப்பை எடுப்பவர்கள் அதையும் யோசிக்க வேண்டும்.

வேற வழி இருக்கா?

இருக்கிறது. கணக்கியலை முதலில் முடித்து, சில ஆண்டு வேலை பார்த்துவிட்டு, சட்டம் தேவை என்று உறுதியானால் 'ஜூரிஸ் டாக்டர்' எனப்படும் பட்டதாரிகளுக்கான சட்டப் படிப்பில் சேரலாம். நிர்வாகப் பல்கலைக்கழகத்திலும் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்திலும் அது உண்டு. மொத்தச் செலவும் காலமும் கூடுதலாகலாம். ஆனால், வேண்டுமா வேண்டாமா என்று 19 வயதில் முடிவெடுக்கத் தேவை இல்லை. சட்டம் மட்டும் படித்துக்கொண்டே, விருப்பப் பாடங்களாக வரிச் சட்டம், நிறுவனச் சட்டம், அடிப்படைக் கணக்கியல் எடுப்பதும் ஒரு வழி. பல வழக்கறிஞர்களுக்கு நிதி அறிக்கையைப் படிக்கத் தெரிந்தால் போதும், அதைத் தயாரிக்கத் தெரிய வேண்டியதில்லை.

விண்ணப்பிக்கும் முன் மூன்று கேள்வி

ஒன்று: மேலே சொன்ன மூன்று வழக்குகளைப் படித்தபோது, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று தோன்றியதா? தோன்றியிருந்தால் இந்தப் படிப்பு உங்களுக்குப் பிடிக்க வாய்ப்பு அதிகம். பாதியில் தாண்டிப் போயிருந்தால் ஐந்து ஆண்டு ரொம்ப நீளமாக இருக்கும்.

இரண்டு: இரண்டில் ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் எதை எடுப்பீர்கள்? பதில் சட்டென்று வந்தால், மற்றொன்று உண்மையில் யாருடைய விருப்பம் என்று வீட்டில் பேசிப் பாருங்கள்.

மூன்று: கூடுதல் ஆண்டுக்கான கட்டணம், அந்த ஆண்டு சம்பாதிக்காமல் விடும் பணம் இரண்டையும் வீட்டில் யார் தாங்குவது? கல்விக் கட்டணக் கடன், உபகாரச் சம்பளம் ஆகியவை இரட்டைப் பட்டத்தின் முழுக் காலத்துக்கும் பொருந்துமா என்று பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். உள்ளே போன பிறகு ஒரு பட்டத்தைக் கைவிட நேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். திறந்தவெளி நாளில் அந்தக் கேள்வியைக் கேட்கப் பலருக்குத் தயக்கம். ஆனால், முடிவெடுக்க மிகவும் உதவும் பதில் அதற்குத்தான் கிடைக்கும்.