முதல் நாள் யார் வீட்டில்?

நோன்புப் பெருநாள் வந்துவிட்டால் துருக்கியில் ஒரு புலம்பலும் கூடவே வந்துவிடும்: அந்தக் காலத்துப் பெருநாள் இப்போது எங்கே? இன்றைய தாத்தா பாட்டிகள் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. ஒட்டோமான் பேரரசின் கடைசிக் கால இஸ்தான்புல்லில் வளர்ந்தவர்களும் தங்கள் பிள்ளைப் பருவத்து ரமலானை நினைத்து இதே குரலில் ஏங்கி எழுதியிருக்கிறார்கள். ஏக்கம் பழையது என்பதாலேயே பொய்யாகிவிடாது. ஆனால் போனது எது, நிலைத்தது எது என்று சில நூற்றாண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. சுல்தானின் செலவில் நடந்தவை சுல்தான்களோடு போயின. வீடுகள் நடத்தியவை பெரும்பாலும் இருக்கின்றன.

ரமலான் பதினைந்தாம் நாள் தோப்காபி அரண்மனையில் நபிகளாரின் புனித அங்கியைச் சுல்தான் தரிசித்த பிறகு, சுல்தானின் காலாட்படையான ஜானிசாரிப் படைக்கு அரண்மனைச் சமையற்கூடத்திலிருந்து பக்லவா என்ற இனிப்பு போகும். பத்து வீரர்களுக்கு ஒரு தாம்பாளம் என்று கணக்கு. அதைத் துணியில் கட்டிக் கழியில் மாட்டித் தோளில் சுமந்துகொண்டு வீரர்கள் போகும் ஊர்வலத்தைப் பார்க்க நகரமே திரண்டது. 1826-இல் அந்தப் படை ஒழிக்கப்பட்டது. ஊர்வலமும் அதோடு முடிந்தது. ரமலானில் சுல்தானின் முன்னிலையில் அறிஞர்கள் திருக்குர்ஆன் விளக்கம் பேசி விவாதித்த அமர்வுகள் 1759 முதல் நடந்தன. 1924-இல் கிலாஃபத் நீக்கப்பட்டபோது அவையும் நின்றன. விதிவிலக்கு என்று மஹ்யாவைச் சொல்லலாம். பள்ளிவாசலின் இரண்டு மினாராக்களுக்கு நடுவே கயிறு கட்டி, விளக்குகளால் வாசகம் எழுதும் இந்தக் கலை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வருகிறது. எண்ணெய் விளக்கு மின்விளக்கானது. 1928-க்குப் பின் அரபு எழுத்து லத்தீன் எழுத்தானது. வாசகம் மட்டும் இன்றும் இரவு வானில் தொங்குகிறது.

என் மனம் அதிகம் தங்குவது இந்தக் காட்சிகளில் இல்லை, அக்காலத்து மனிதர்கள் கொடுத்த விதத்தில். செல்வர்களின் மாளிகைக் கதவுகள் நோன்பு திறக்கும் இஃப்தார் நேரத்தில் திறந்திருக்கும்; அழைப்பில்லாமலும் வந்து உட்காரலாம். சாப்பிட்டு எழும் விருந்தினர் கையில் வெள்ளிக்காசோ ஜபமாலையோ வைத்த சிறு பையைக் கொடுத்தனுப்புவார்கள். அதற்குப் பெயர் 'பல் வாடகை'. என் உணவை மென்று உங்கள் பல் தேய்ந்ததே, அதற்கான கூலி இது என்று பொருள். நன்றி சொல்ல வேண்டியவர் விருந்தாளி அல்ல, வீட்டுக்காரர்! இன்னொரு வழக்கத்தையும் சொல்வார்கள். வசதியுள்ள ஒருவர் தன்னைத் தெரியாத பேட்டைக்குப் போய், மளிகைக்கடைக்காரரிடம் கடன் கணக்கு நோட்டைக் கேட்பார். முதலிலிருந்தும் நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் சில பக்கங்களைக் கூட்டச் சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பெயர் சொல்லாமல் போய்விடுவார். கடன்பட்டவருக்குக் கொடுத்தவர் யாரென்று தெரியாது. கொடுத்தவருக்கும் யார் கடனென்று தெரியாது.

1990களின் நடுவிலிருந்து துருக்கி நகரங்களில் நகராட்சிகள் இஃப்தார் கூடாரங்கள் போட்டு ஆயிரக்கணக்கானோருக்கு உணவளித்து வருகின்றன. பசித்தவருக்குச் சோறு கிடைப்பது எந்த வடிவிலும் நல்லது. ஆனால் வரிசையில் நிற்பவரின் முகம் கேமராவுக்குள் வரும் இடத்தில், அந்த மளிகைக்கடை அறம் கொஞ்சம் காயப்படுகிறது என்றே நான் நினைக்கிறேன்.

வீட்டுக்குள் வருவோம். மாலையில் பேக்கரி வாசலில் ரமலான் பிதே ரொட்டிக்கு வரிசை நிற்கிறது. மேலே எள்ளும் கருஞ்சீரகமும் தூவி, விரலால் அழுத்திய தடத்தோடு சூடாக வரும் ரொட்டி. குல்லாச் என்ற இனிப்பு, சோளமாவில் செய்த மெல்லிய தாள்களைச் சர்க்கரைப் பாலில் நனைத்து, பன்னீர் தெளித்து, மேலே மாதுளை முத்துகளைத் தூவியது. நாள் முழுதும் நோற்ற வயிற்றுக்கு இதமானது என்பதால் ரமலானுக்கே உரியதாகிவிட்டது. கைப்பேசி அலாரம் எல்லோரிடமும் இருந்தும் பல தெருக்களில் விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கு எழுப்ப முரசடிப்பவர் வருகிறார். மாதக் கடைசியில் வீடு வீடாக வந்து அன்பளிப்பும் வாங்கிக்கொள்கிறார்.

பெருநாளுக்கு முந்தைய நாள் கல்லறைகளைச் சுத்தம் செய்து தண்ணீர் ஊற்றுவார்கள். மறுநாள் தொழுகை முடிந்ததும் குடும்பத்தில் மூத்தவர் வீட்டுக்குப் போக வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. சிறியவர் பெரியவரின் வலக்கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வார். பிள்ளைகளுக்குக் காசு, முன்பெல்லாம் கைக்குட்டையும். வருகிறவர் உள்ளங்கையில் எலுமிச்சை மணக்கும் கொலோன்யா என்ற வாசனைத் திரவத்தை ஊற்றுவார்கள், மிட்டாய்த் தட்டை நீட்டுவார்கள். பேச்சை விட்ட உறவுகள் அன்று பேசியாக வேண்டும். இதற்காக நாலு நாள் முன்பே வீட்டைக் கழுவி, பக்லவா மாவை விரித்து, காலையில் கடைசியாக உட்கார்ந்தவர்கள் பெண்கள். பேரரசின் ஊர்வலங்களைப் பற்றி வரலாறு எழுதியவர்கள் இந்த உழைப்பைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

அரசுகள் வழிபாட்டில் கைவைத்ததுண்டு. 1932 ரமலானில் தொழுகை அழைப்பான பாங்கு துருக்கி மொழியில் ஒலிக்கத் தொடங்கியது. 1950-இல், ரமலான் பிறக்கும் தறுவாயில், அரபு பாங்குக்கு மீண்டும் அனுமதி வந்தது. இரண்டு காலத்திலும் பேரப்பிள்ளை பாட்டியின் கையை முத்தமிட்டான். துருக்கி செய்துகொண்ட 1961 தொழிலாளர் ஒப்பந்தத்தின்படி ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவர்களும் இந்த வழக்கத்தைக் கொண்டுபோனார்கள். அங்கே அது மூன்றாம் தலைமுறையையும் தொட்டுவிட்டது. 2020 மே மாதம் பெருநாள் நாட்களில் நாடு முழுவதும் கொரோனா ஊரடங்கு. அப்போது திரை வழியாகவாவது முகம் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது இந்த வழக்கத்துக்கு வந்திருக்கும் சோதனை வேறு வகை. 1981 சட்டப்படி இந்தப் பெருநாளுக்கு மூன்றரை நாள் விடுமுறை. வார இறுதிகளோடு பொருந்தி வந்தால் அரசு ஊழியருக்கு அது ஒன்பது நாளாக நீட்டப்படுகிறது. அன்தால்யா, போத்ரும் கடற்கரை விடுதிகள் நிரம்பிவிடுகின்றன. ஆண்டெல்லாம் உழைக்கும் இளம் தம்பதிக்குக் கடல் பார்க்க வேறு நாள் வாய்ப்பதில்லை; அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எந்தச் சட்டமும் செய்யாததை இந்த நீண்ட விடுமுறை செய்யக்கூடும் என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது. மிட்டாய்த் தட்டை நிரப்பி வைத்துவிட்டு அழைப்பு மணிக்காகக் காத்திருக்கும் முதியவர்களுக்கு, பயணத் தேதியைப் பிள்ளைகள் எப்படிக் குறிக்கிறார்கள் என்பதுதான் பெருநாள். முதல் நாள் காலையைப் பெரியவர் வீட்டில் கழித்து, கையை முத்தமிட்டு, மதிய உணவையும் முடித்துக்கொண்டு காரை எடுக்கும் குடும்பங்களும் உண்டு. அந்த ஒரு காலை போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது.