கைக்கு ஏற்ற கடிகாரம், கடிகாரத்துக்கு ஏற்ற வார்

சென்ற மாதம் பலாங்கொடையில் ஓர் உறவினர் வீட்டுத் திருமணம். கட்டாரில் பணிபுரியும் என் அக்காள் மகன் விடுமுறையில் வந்திருந்தான். பந்தியில் எனக்கு அருகே அமர்ந்தவன் என் இடது கையைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, பொம்பளைப் பிள்ளைகள் கட்டுகிற வாட்ச் மாதிரி இருக்கிறதே!" என்றான். அடுத்த நாள் காலை ஒரு பெட்டியை நீட்டினான். உள்ளே 44 மில்லிமீட்டர் விட்டமுள்ள புத்தம் புதிய கடிகாரம் இருந்தது. அதற்குப் பதிலாகப் பழையதை அவனிடம் கொடுத்துவிட வேண்டுமாம். கொழும்பில் ஒரு கடையில் முகப்புக்குப் புதிய வண்ணமும் உறைக்குத் தங்க முலாமும் பூசி, "தாத்தாவின் ஞாபகமாக" கண்ணாடிப் பேழையில் வைக்கப் போகிறானாம்.

அன்பினால் சொன்னதுதான். ஆயினும் நான் மறுத்துவிட்டேன். ஏன் மறுத்தேன் என்பதைப் பந்தியில் விளக்க இயலவில்லை, இங்கே எழுதுகிறேன். தந்தையின், பாட்டனின் பழைய கடிகாரம் ஒன்றை அலுமாரியில் வைத்திருக்கும் வாசகர்கள் பலர் உலகெங்கும் இருப்பார்கள். அவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

அந்தக் கடிகாரம் என் தந்தையுடையது. ரோமர் என்னும் சுவிஸ் தயாரிப்பு. விட்டம் 34 மில்லிமீட்டர். நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டியது. கேகாலை மாவட்டத்தில் எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. இறப்பர் மரம் அதிகாலையில்தான் நன்றாகப் பால் சொரியும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஆகவே விடியுமுன் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். தப்பு ஒலிதான் லயத்துக்கு மணி. கைக்கடிகாரம் துரையிடமும் கணக்கப்பிள்ளையிடமும் இருந்தது. ஒருநாள் தாமதமாக வந்ததாகச் சொல்லி அப்பாவுக்கு அரைப் பேர்தான் போட்டார்கள். அதாவது அரைநாள் கூலி. தாமதம் இல்லை என்று அவருக்குத் தெரியும், நிரூபிக்க வழியில்லை.

அது 1971, நான் பிறந்த ஆண்டு. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் புறப்பட்டவர்கள், தலைமன்னாரில் கப்பலேறுமுன் தட்டுமுட்டுச் சாமான்களை லயத்திலேயே விற்றுக்கொண்டிருந்த காலம். அப்படிப் புறப்பட்ட ஒருவரிடம்தான் அப்பா இந்தக் கடிகாரத்தைத் தவணையில் வாங்கினார். அடுத்த நாள் அதைக் கட்டிக்கொண்டு பிரட்டுக்குப் போனபோது, "உனக்கெதற்கடா மணி?" என்று கேட்டார்களாம். அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் அவருக்கு அரைப் பேர் விழவில்லை என்பதை மட்டும் பெருமையுடன் சொல்வார்.

இனி அளவு பற்றி. 34 மில்லிமீட்டர் என்பது அன்றைக்குச் சிறிய அளவு அல்ல. ஆண்களுக்கான வழமையான அளவே அது. ரோலெக்ஸ் நிறுவனம் 1945இல் டேட்ஜஸ்ட் கடிகாரத்தை அறிமுகப்படுத்தியபோது அதன் விட்டம் 36 மில்லிமீட்டர். இந்திய வாசகர்கள் வீட்டில் இருக்கும் பழைய எச்.எம்.டி. ஜனதாவை அளந்து பாருங்கள். 35க்கு அருகில் நிற்கும். 44, 46 என்று கடிகாரங்கள் பெருத்தது பிற்காலத்து வழக்கம். மனிதனின் மணிக்கட்டு அதற்காகப் பெருத்துவிடவில்லை.

அளவை முடிவு செய்ய வேண்டியது விட்டம் மட்டுமன்று. கடைக்காரர்கள் 'லக்' என்று சொல்லும், வாரைப் பிடித்திருக்கும் நான்கு கால்கள் இருக்கின்றனவே, அவற்றின் மேல் நுனிக்கும் கீழ் நுனிக்கும் இடையிலான நீளம்தான் முக்கியம். அந்த நீளம் மணிக்கட்டின் மேற்பரப்புக்குள் அடங்க வேண்டும். என் மணிக்கட்டின் சுற்றளவு 16 சென்டிமீட்டர்; அகலம் 5 சென்டிமீட்டர். மருமகன் தந்த கடிகாரம் கால் நுனிகளுக்கிடையே 53 மில்லிமீட்டர். இரு பக்கமும் கைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அப்பாவுடையது 41, படிந்து கிடக்கிறது. தையற்காரரின் நாடாவும் பாடசாலைப் பிள்ளையின் அடிமட்டமும் போதும், இந்தச் சோதனைக்கு. மெலிந்த கை உடையவர்கள் நம்மில் அதிகம். பெரிய கடிகாரம் கட்டினால் பெரிய மனிதராகத் தோன்றலாம் என்று நினைக்கிறோம்; பார்ப்பவர் கண்ணுக்குக் கை இன்னும் மெலிந்து தெரிகிறது.

அடுத்தது வார். இரு கால்களுக்கு இடையே உள்ள உள் அகலத்தை அளக்க வேண்டும். பழைய கடிகாரங்களில் பெரும்பாலும் 16 அல்லது 18 மில்லிமீட்டர். வாரின் அகலமும் அதுவாகவே இருக்க வேண்டும். அகலமான வாரைத் திணித்தால் ஓரம் நசுங்கும். குறுகிய வாரைக் கட்டினால் இருபுறமும் இடைவெளி விழுந்து, வார் பக்கவாட்டில் அசைந்துகொண்டே இருக்கும். 1964இல் வெளிவந்த கோல்ட்ஃபிங்கர் படத்தில் ஜேம்ஸ் பாண்டின் கடிகாரத்துக்கே இந்த விபத்து நேர்ந்திருக்கிறது; குறுகிய நைலோன் வாரின் இருபுறமும் இடைவெளி தெரிவதை இரசிகர்கள் இன்றும் சுட்டிக்காட்டுகிறார்கள். அவருக்குப் பொருந்தியது நமக்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

தடிமனையும் பார்க்க வேண்டும். மெல்லிய பழைய கடிகாரத்துக்கு உள்ளே பஞ்சு வைத்துப் பருத்த வார் ஒவ்வாது. இரண்டு மில்லிமீட்டர் அளவில் மெல்லியதாக, கொக்கியை நோக்கிச் சற்றே குறுகிச் செல்வதாக இருந்தால் அழகு. நீளத்தில், கடையில் கிடைக்கும் வழமையான வார் ஒரு பக்கம் 75, மறுபக்கம் 115 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். கொக்கி நடுத் துளையில் விழுந்தால் அளவு சரி. கடைசித் துளையில் விழுந்தால் குட்டையான வாரைக் கேட்டு வாங்குங்கள்.

எதனால் ஆன வார் என்பதைப் புத்தகம் தீர்மானிக்கக் கூடாது. நீங்கள் வாழும் ஊரின் வானம் தீர்மானிக்க வேண்டும். ஐரோப்பாவில் இருப்பவர் தோல்வார் கட்டிப் பல ஆண்டு வைத்திருக்கலாம். சப்ரகமுவ இலங்கையின் மழை மிகுந்த பகுதிகளில் ஒன்று. அங்கே தோல், வியர்வையிலும் ஈரத்திலும் ஊறிப் பூஞ்சணம் பிடித்துவிடும். போதாக்குறைக்கு இறப்பர் பால் தெறித்தால் கறுத்து விறைத்துப் போகும். அப்பா முதல் ஆண்டிலேயே இதைக் கண்டுகொண்டார். அதன்பின் வேலை நாட்களுக்கு நைலோன், கோயிலுக்கும் கலியாணத்துக்கும் தோல் என்று இரண்டு வைத்திருந்தார்.

அவர் விரும்பியது ஒரே துண்டாகக் கடிகாரத்தின் அடியால் ஓடும் நைலோன் வார். அதில் ஒரு நன்மை உண்டு. வாரைப் பிடிக்கும் ஸ்பிரிங் ஊசிகளில் ஒன்று கழன்றாலும் மற்றையது கடிகாரத்தைக் காப்பாற்றிவிடும். சரிவில் ஓடும் ஓடைக்குள் விழாது. பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு 1973இல் தன் படையினருக்கென இத்தகைய சாம்பல் நிற நைலோன் வாருக்கு ஒரு தரநிலை வகுத்தது. எட்டியாந்தோட்டைப் பால்வெட்டுக்காரருக்கு அது தெரியாது. இரத்தினபுரிப் பஸ் நிலையத்து நடைபாதைக் கடையில் மலிவாகக் கிடைத்ததால் வாங்கினார். இரண்டு முடிவுகளுக்கும் காரணம் ஒன்றே: வேலை செய்யும் கையிலிருந்து கடிகாரம் விழக் கூடாது.

இறப்பர் வார் பற்றியும் ஒரு சொல். 1980இல் ஹப்லோ என்னும் சுவிஸ் நிறுவனம் தங்கக் கடிகாரத்தில் இயற்கை இறப்பர் வாரைப் பூட்டி விற்றது. கடிகார உலகம் முதலில் முகம் சுளித்தது. இன்று அது செல்வந்தர் வழக்கமாகிவிட்டது. 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்த கன்றுகளின் வம்சம்தான் நம் மலைச்சரிவுகளில் நிற்கும் மரங்கள். அவற்றின் பால் பெரும் விலையுள்ள கைகளைச் சுற்றிக் கிடக்கத் தகுதி பெற்றது. அந்தப் பாலை வெட்டிய கை ஒரு கடிகாரம் கட்டியபோது மட்டும் "உனக்கெதற்கு?" என்ற கேள்வி எழுந்தது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்யாகும்.

மருமகனின் புதுப்பிக்கும் யோசனைக்கு வருகிறேன். இயந்திரத்தைத் துப்புரவு செய்து எண்ணெய் இடுவது அவசியம். அதை நானும் செய்வித்திருக்கிறேன். ஆனால் முகப்புக்கு மறுவண்ணம் பூசினால், அப்பா நாற்பது ஆண்டு பார்த்த எழுத்து போய்விடும். யாரோ ஒருவர் நேற்று எழுதிய எழுத்து மிஞ்சும். உறையைத் தேய்த்து முலாம் பூசினால் விளிம்புகள் மழுங்கும். "பதினேழு கல்" என்று முகப்பில் போட்டிருப்பதைப் பார்த்து அதில் செல்வம் இருப்பதாக எண்ணுவோரும் இருக்கிறார்கள். இரத்தினபுரியில் பிறந்த எவரும் ஏமாறமாட்டார்கள். அவை உராய்வைக் குறைக்க வைத்த செயற்கை மாணிக்கத் துணுக்குகள். பழைய கடிகாரத்தின் மதிப்பு கல்லிலும் இல்லை, முலாமிலும் இல்லை.

அப்பா கடிகாரத்தை மாற்றவே மாட்டார். 1996 மே மாதம் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியபோதும், அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னிழுத்தபோதும் அவர் முட்களைத் தொடவில்லை. "மரத்துக்குப் பழைய நேரந்தான்" என்றார். 2006 சித்திரைப் புத்தாண்டையொட்டி நாடு பழைய நேரத்துக்குத் திரும்பியது. அரசாங்கம் பத்தாண்டு கழித்துத் தன் கடிகாரத்தைப் பார்த்து மணி திருத்திக்கொண்டதாகச் சொல்லிச் சிரித்தார். ஆனால் வாரை மட்டும் ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் கழற்றி எறிந்துவிடுவார். அதனுடன் இரண்டு ஸ்பிரிங் ஊசிகளையும் மாற்றுவார். சில ரூபாய் ஊசி முறிந்து கடிகாரத்தை இழப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் அந்தத் தவறைச் செய்யவில்லை.

இதுதான் என் கருத்து. மாற்ற வேண்டிய பொருள் வார். அது தேயவே பிறந்தது. காக்க வேண்டியது கடிகாரம். அதைக் காப்பதற்குச் சிறந்த இடம் கண்ணாடிப் பேழை அன்று, ஒரு கை. இன்னார் கைதான் என்றும் இல்லை. இப்போது என் மகள் அதைக் கேட்கிறாள். அவள் மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாள். 34 மில்லிமீட்டர் அவள் கைக்கு அளவாகப் பொருந்துகிறது. பெண்பிள்ளை வாட்ச் என்று மருமகன் கேலி செய்ததும் ஒரு வகையில் பலித்துவிட்டது. 18 மில்லிமீட்டரில் குட்டையான புதிய வார் ஒன்று வாங்கியிருக்கிறேன். கை கழுவும் வேலை என்பதால் பணியிடத்துக்கு வேண்டாம், மற்ற நாட்களில் கட்டு என்று சொல்லியிருக்கிறேன். பழைய கடிகாரம் நீருக்குத் தாங்காது.

ஒன்றைச் சொல்லாமல் முடித்தால் நேர்மை ஆகாது. அப்பா 2011இல் காலமானபோது கையில் இருந்தது ஒரு தோல்வார். அதில் மூன்றாம் துளை தேய்ந்து அகன்றிருக்கிறது. நான்காம் துளை சற்று அகன்றிருக்கிறது. அதற்கப்பால், தொழிற்சாலை போடாத ஒரு துளை, ஆணியால் குத்தியது, கோணலாக இருக்கிறது. நோயின் கடைசி மாதங்களில் கை மெலிய மெலிய அவரே குத்திக்கொண்டது. வாரை எறியுங்கள் என்று இவ்வளவு தூரம் எழுதியவன் நான். அந்த வாரை மட்டும் ஒரு தாளில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.