செக்ஸ் பிஸ்டல்ஸ்: சரவெடியா, வெத்துவேட்டா?

மொத்தமே ஒரே ஒரு ஸ்டுடியோ ஆல்பம். முதல் மேடை 1975 நவம்பரில், பேண்ட் உடைந்த கடைசி மேடை 1978 ஜனவரியில். ஆனால் இன்னைக்கும் 'பங்க் ராக்'னு வாயைத் திறந்தாலே முதலில் வந்து விழுகிற பெயர் லண்டனின் செக்ஸ் பிஸ்டல்ஸ்தான். இவ்ளோ பில்டப்புக்கு இவங்க தகுதியானவங்கதானா? வாங்க பாஸ், பஞ்சாயத்தைக் கூட்டிடுவோம்!

முதலில் எதிர்க்கட்சி வாதம். 'பங்க்கைக் கண்டுபிடிச்சதே இவங்கதான்'னு யாராவது கதை விட்டால் நம்பாதீங்க. நியூயார்க்கின் ரமோன்ஸ் 1976 ஏப்ரலிலேயே முதல் ஆல்பத்தை இறக்கிட்டாங்க. சரி, இங்கிலாந்திலாவது முதல் ஆளா? அதுவும் இல்லை. தி டேம்ட் குழுவின் 'நியூ ரோஸ்' 1976 அக்டோபரில் வந்தது. பிஸ்டல்ஸின் 'அனார்க்கி இன் தி யு.கே.' வந்தது அதற்கு ஒரு மாசம் கழிச்சு.

அடுத்து, 'எல்லாம் விளம்பர ஸ்டன்ட்' என்கிற குற்றச்சாட்டு. மேனேஜர் மால்கம் மெக்லாரன், டிசைனர் விவியன் வெஸ்ட்வுட்டோடு சேர்ந்து கிங்ஸ் ரோட்டில் துணிக்கடை நடத்தியவர். பேண்ட் பெயரில் முதல் பாதியே அந்தக் கடையின் பெயர்தான்! 1976 டிசம்பர் 1-ம் தேதி, 'க்வீன்' குழு வர முடியாமல் போனதால் ஒரு டி.வி. ஷோவில் இவங்களுக்கு சான்ஸ். தொகுப்பாளர் பில் கிரண்டி உசுப்பேத்த, கிடாரிஸ்ட் ஸ்டீவ் ஜோன்ஸ் கெட்ட வார்த்தைகளை அள்ளி வீச, மறுநாள் பேப்பரெல்லாம் இவங்க முகம்தான். ஜனவரியில் இ.எம்.ஐ. கம்பெனி கழற்றிவிட்டது. மார்ச்சில் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் வைத்துக் கையெழுத்துப் போட்ட ஏ அண்ட் எம், ஒரே வாரத்தில் கும்பிடு போட்டு அனுப்பியது. பாட்டைவிடப் பரபரப்புதான் பெருசோன்னு தோணுதுல்ல?

இதைவிடப் பெரிய மேட்டர், சிட் விஷியஸ். டி-ஷர்ட்டில் உதட்டைச் சுழிச்சு முறைக்கிறாரே, அவரேதான். பாஸ் கிடாரிஸ்ட் கிளென் மேட்லாக் வெளியேறியதும் 1977 பிப்ரவரியில் உள்ளே வந்தவர். ஆல்பத்தின் 12 பாடல்களில் 10-ல் எழுதியவர்கள் பட்டியலில் மேட்லாக் பெயர் இருக்கு. பாஸ் கிடாரைப் பெரும்பாலும் வாசிச்சது ஸ்டீவ் ஜோன்ஸ். சிட்டின் வாசிப்பை பூதக்கண்ணாடி வெச்சுத்தான் தேடணும். 1978 அக்டோபரில் அவர் காதலி நான்சி ஸ்பங்கன் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட சிட், வழக்கு நடப்பதற்கு முன்பே 1979 பிப்ரவரியில் ஹெராயினால் செத்துப்போனார். வயசு 21. ஒரு பெண் குத்துப்பட்டுச் செத்த கதையை 'ராக் ஸ்டார் காதல்'னு போஸ்டர் அடிச்சு வித்தாங்க. பாட்டு எழுதினவரை மறந்தே போனாங்க. இந்தப் புகழ் அநியாயம்!

சரி, இப்போ வக்காலத்து. 'வாசிக்கவே தெரியாத பசங்க' என்பது சும்மா. 1977 அக்டோபரில் வந்து இங்கிலாந்தில் நம்பர் 1 ஆன 'நெவர் மைண்ட் தி பொல்லாக்ஸ்' ஆல்பத்தை ஹெட்போனில் கேளுங்க. ஜோன்ஸ் கிடார் மேல் கிடாராக அடுக்கிக் கட்டின சுவர், பால் குக்கின் பிசகாத டிரம்ஸ்... செம! இன்னொரு காமெடி: ஜானி ராட்டன் 'பிங்க் ஃப்ளாய்டை வெறுக்கிறேன்'னு சட்டையில் எழுதிக்கிட்டுத் திரிஞ்சவர். அவங்க தயாரிப்பாளர் கிறிஸ் தாமஸோ, பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' மிக்ஸிங்கில் வேலை பார்த்தவர்!

பரபரப்புக்கு அவங்க கொடுத்த விலையும் கொஞ்சமில்லை. ராணியின் வெள்ளி விழாவை நாடே கொண்டாடிய 1977 மே மாசம், 'காட் சேவ் தி க்வீன்' வந்தது. வேலை கிடைக்காமல் தவிச்ச இளைஞர்களின் கோபம் அதில் இருந்தது. பி.பி.சி. தடை போட்டும் பாட்டு 2-ம் இடத்துக்கு ஏறியது. ஜூனில் ராட்டனைத் தெருவில் கத்தியால் தாக்கினாங்க. அந்த ரத்தம் எந்த மேனேஜரும் எழுதின ஸ்க்ரிப்ட் இல்லை.

கடைசி சாட்சி, மான்செஸ்டர். 1976 ஜூன் 4. சின்ன ஹால், சில டஜன் பேர்தான் கூட்டம். ஏற்பாடு செய்த ஹோவர்ட் டெவோட்டோவும் பீட் ஷெல்லியும் 'பஸ்காக்ஸ்' குழுவை நடத்தினாங்க. 1977 ஜனவரியில் கடன் வாங்கி, சொந்த லேபிளிலேயே ரெக்கார்டு போட்டாங்க. பார்க்க வந்த பீட்டர் ஹுக் மறுநாளே பாஸ் கிடார் வாங்கினார். அவரும் கூட வந்த பெர்னார்ட் சம்னரும் சேர்ந்து உருவாக்கியது 'ஜாய் டிவிஷன்'. 'இவங்களால முடியும்னா நம்மால முடியாதா?'ன்னு அவங்களைக் கிளப்பிவிட்டது அந்த ஒரு ராத்திரி.

ஸோ, தீர்ப்பு! பங்க்கிலேயே பெஸ்ட் பேண்டா? அந்த நாற்காலி 1979-ல் 'லண்டன் காலிங்' தந்த 'தி க்ளாஷ்' குழுவுக்கு. முதல் பேண்டா? ரமோன்ஸ் அடிக்க வருவாங்க. ஆனால் பூட்டின கதவை உதைச்சுத் திறந்தவங்க என்ற பெயர் மட்டும் பிஸ்டல்ஸுக்கு முழுசா சேரணும். சிட் போஸ்டரைக் கழற்றிட்டு, அங்கே மேட்லாக் படத்தை மாட்டுங்க.

அப்புறம், 'இன்னும் நல்லா வாசிக்கக் கத்துக்கிட்டு பேண்ட் ஆரம்பிக்கலாம்'னு ஹாஸ்டல் ரூமில் கிடாரைத் துடைச்சுக்கிட்டே இருக்கீங்களா? மான்செஸ்டர் பசங்க மறுநாளே கடைக்குப் போனாங்க பாஸ்!