மறுநாள் நடந்தால் அதுதான் காரணமா?

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று கோவாக்சின் என்ற கொரோனா தடுப்பூசியைப் போட்டுக்கொண்டார், மறுநாள் மயங்கி விழுந்தார், 17 அன்று இறந்தார். ஆகவே ஊசிதான் கொன்றது. கடலூர் டீக்கடை முதல் சிதம்பரம் மேலவீதி வரை ஓடும் வாதம் இது. முதலில், அவருடைய இதயத் தமனி ஒன்று முழுக்க அடைத்திருந்தது. அதில் கொழுப்பு ஒரே ராத்திரியிலா படியும்? அடுத்து, தினமும் லட்சக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொள்ளும்போது, அவர்களில் சிலருக்கு மறுநாள் மாரடைப்பு வந்தே தீரும், ஊசி இல்லாவிட்டாலும். போட்டவர்களுக்குப் போடாதவர்களைவிட அதிகமாக வந்ததா என்பதே கேள்வி. அதைக் கேட்டீர்களா? இன்னொரு கொரோனா தடுப்பூசியான கோவிஷீல்டில் ரத்தம் உறையவில்லையா என்பார்கள். உறைந்தது, மிக அரிதாக; அதை உறுதிசெய்ததும் இதே ஒப்பீடுதான். விவேக் போட்டது வேறு ஊசி. அவர் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் மத்தியக் குழு அதே ஆண்டு அக்டோபரில் சொன்னது. அதற்குள் கொரோனா இரண்டாம் அலையே முடிந்துவிட்டது. வதந்தியை நம்பி ஊசியைத் தள்ளிப்போட்டு இறந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?