அரிய புற்றுநோய்: தகவலும் சிகிச்சைதான்

சிங்கப்பூரில் குடிமக்களும் நிரந்தரவாசிகளுமாக ஏறத்தாழ 42 லட்சம் பேர் வாழ்கிறோம். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவாக வரும் புற்றுநோயை ‘அரியது’ என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் வரையறுக்கிறார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் வரம்பு 15 பேர். ஐரோப்பியக் கணக்கின்படி பார்த்தால், இங்கே ஓர் அரிய புற்றுநோய் ஆண்டுக்கு அதிகபட்சம் 250 பேருக்கு வரலாம். லட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய் என்றால் 42 பேர். இந்தியர்கள் மக்கள்தொகையில் சுமார் ஒன்பது விழுக்காடு. அந்தக் கணக்கில் அவர்களுக்குள் நான்கு பேர் தேறுவார்கள். சாங்கி பொது மருத்துவமனையில் அப்படியொரு நோயின் பெயரைக் கேட்டுவிட்டு வெளியே வரும் தமிழருக்கு, அதே நோயோடு வாழும் இன்னொரு தமிழரைத் தெரிந்திருக்க அநேகமாக வாய்ப்பில்லை. மார்பகப் புற்றுநோய் என்றால் பெரியம்மாவோ, அலுவலகத் தோழியோ, அண்டைவீட்டு அக்காவோ யாராவது அனுபவம் சொல்வார்கள். இவர் கையில் இருப்பது கைப்பேசி ஒன்றுதான்.

தனித்தனியாக அரியவை என்றாலும், எல்லாவற்றையும் கூட்டினால் எண்ணிக்கை சிறியதல்ல. ஐரோப்பாவில் கண்டறியப்படும் புற்றுநோய்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவை இந்த வகையைச் சேர்ந்தவை. அங்கு நடந்த பெரிய ஆய்வொன்றில், பரவலான புற்றுநோய்கள் வந்தவர்களில் 65 விழுக்காட்டினர் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தனர். அரிய வகை வந்தவர்களில் அது 47 விழுக்காடு. நோய் தாமதமாகத் தெரியவருவது, தவறான பெயரில் தெரியவருவது, அனுபவமுள்ள மருத்துவரிடம் போய்ச்சேரக் காலம் பிடிப்பது ஆகியவற்றுக்கு இந்த இடைவெளியில் பங்குண்டு. மூன்றுமே தகவல் சம்பந்தப்பட்டவை. அப்படியிருந்தும், தகவல் தேடும் பொறுப்பை இரவில் தூக்கம் வராத குடும்பத்தாரிடமே விட்டுவைத்திருக்கிறோம்.

முதலில் சரியான பெயர்

தேடத் தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியது திசுப் பரிசோதனை அறிக்கை. பயாப்சி ரிப்போர்ட் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். ‘வயிற்றில் கட்டி’, ‘தசையில் புற்று’ என்று தேடினால் ஆயிரம் பக்கங்கள் வரும். ஒன்றுகூட அவருடைய நோயைப் பற்றியதாக இருக்காது. சார்கோமா என்று பொதுவாகச் சொல்லப்படும் தசை, கொழுப்பு, எலும்புப் புற்றுநோய்களில் மட்டும் 70க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றொன்றுக்குக் கேட்காது.

அறிக்கையில் உள்ள பெயரும் முடிந்த முடிவல்ல. பிரான்சிலும் இத்தாலியிலும் 1,400க்கும் மேற்பட்ட சார்கோமா நோயாளிகளின் திசுக்களை அத்துறை வல்லுநர்கள் மறுபடி பார்த்தபோது, முதல் அறிக்கையோடு முழுமையாக ஒத்துப்போனவை 56 விழுக்காடுதான். எஞ்சியவற்றில் சிறியதோ பெரியதோ மாற்றம் இருந்தது. அரிய வகை என்று சொல்லப்பட்டால், அத்தகைய திசுக்களை அடிக்கடி பார்க்கும் நோயியல் மருத்துவர் ஒருவரின் இரண்டாவது கருத்தைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. ஊட்ரம் வளாகத்திலுள்ள தேசியப் புற்றுநோய் நிலையமும், கெண்ட் ரிட்ஜிலுள்ள தேசியப் பல்கலைக்கழகப் புற்றுநோய்க் கழகமும் இருக்கும் ஊரில் அதற்கு அதிக தூரம் போக வேண்டியதுமில்லை.

எந்த ஊரில் அரியது?

இங்கே ஒரு தமிழரின் பணியை நினைவுகூர வேண்டும். யாழ்ப்பாண வம்சாவளியில் 1921இல் பிறந்த பேராசிரியர் கனகரத்னம் சண்முகரத்னம், சிங்கப்பூர் நோயியல் துறையின் தந்தை என்று மதிக்கப்படுபவர். அதிபர் தர்மனின் தந்தை என்றால் இன்றைய தலைமுறைக்குச் சட்டென்று புரியும். சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகத்தைத் தொடங்கியவர் அவர்தான். யாருக்கு, எந்த வயதில், எந்த இனத்தில், எந்த வகைப் புற்றுநோய் வருகிறது என்று ஊர் முழுவதையும் கணக்கெடுக்கும் வேலை அது. மூக்கின் பின்புறம் தொண்டையோடு சேரும் இடத்தில் வரும் மூக்குத்தொண்டைப் புற்றுநோயை அவர் ஆழமாக ஆராய்ந்தார். மேல் சுவாசப் பாதைக் கட்டிகளை வகைப்படுத்தி உலகச் சுகாதார நிறுவனம் 1978இல் வெளியிட்ட நூலிலும் அவர் பெயர் உண்டு.

மூக்குத்தொண்டைப் புற்றுநோய் ஐரோப்பாவில் லட்சத்தில் ஒருவருக்கும் குறைவாக வருகிறது. தென்சீன வம்சாவளியினர் வாழும் இடங்களில் அது பழகிய நோய். ஆகவே அந்நோய் வந்த ஒருவர் ஐரோப்பிய இணையதளத்தில் ‘மிக அரியது, அனுபவமுள்ள மருத்துவர்கள் குறைவு’ என்று படித்துவிட்டுக் கலங்க வேண்டியதில்லை. அதை அதிகம் பார்த்த மருத்துவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். வெற்றிலை, புகையிலை மெல்லும் பழக்கத்தால் வரும் கன்னப் புற்றுநோய் இதற்கு நேர்மாறு. மேலை நாடுகளைவிடச் சென்னையில் அதைப் பற்றிய அனுபவம் அதிகம். 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அத்தகைய நோயாளிகளைப் பல்லாயிரக்கணக்கில் கண்டது. தகவல் நம்பகமானதா என்பதோடு, அது எந்த ஊர் மக்களைப் பார்த்து எழுதப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும்.

வலையில் விழும் வழிகள்

அமெரிக்காவில் மார்பகம், நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் ஆகிய நான்கு புற்றுநோய்கள் பற்றிச் சமூக ஊடகங்களில் மிக அதிகம் பகிரப்பட்ட 200 கட்டுரைகளை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். மூன்றில் ஒன்றில் பொய்த் தகவல் இருந்தது. பொய்யான கட்டுரைகளுக்கே மக்களிடம் கூடுதல் வரவேற்பு இருந்தது. உரையாடல் செயலிகளும் தப்பவில்லை. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், சாட்ஜிபிடியின் புற்றுநோய்ச் சிகிச்சைப் பரிந்துரைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மருத்துவ வழிகாட்டிகளோடு முழுமையாகப் பொருந்தவில்லை. செயலிகள் அதன்பின் மேம்பட்டிருக்கலாம். ஆனால் இந்த ஆய்வுகள் இரண்டும் அதிகம் எழுதப்பட்ட, அதிகம் பேசப்பட்ட நோய்களைப் பற்றியவை. எழுதப்பட்டதே குறைவாக உள்ள நோயில் இயந்திரம் எதைக் கோத்துச் சொல்லும்?

தமிழில் தேடுபவரின் நிலை இன்னும் மோசம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் தளத்தில் நோயாளிக்கு ஒரு பதிப்பும் மருத்துவருக்கு ஒரு பதிப்பும் தனித்தனியே உண்டு. பிரிட்டனின் கேன்சர் ரிசர்ச் யுகே, மேக்மில்லன் ஆகியவையும், அரிய நோய்களுக்கென்றே பிரான்சில் தொடங்கிய ஆர்ஃபாநெட்டும் நம்பத் தகுந்தவை. அதே நோயின் பெயரைத் தமிழில் தட்டினால் முன்னால் வந்து நிற்பவை பெரும்பாலும் முள்சீத்தா கஷாயமும் ‘ஒரே வாரத்தில் கட்டி கரையும்’ காணொளிகளும்தான். வாட்ஸ்அப் குழுவில் அதை அனுப்புகிற சித்தப்பாவுக்கு நம்மீது அக்கறை உண்டு, ஆதாரம்தான் இல்லை.

மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கையைச் சிங்கப்பூர் ஆய்வாளர்களே உடைத்திருக்கிறார்கள். அரிஸ்டோலோக்கியா இனச் செடிகளில் உள்ள அமிலம், சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் வரும் அரிய புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்பதை அதன் மரபணுத் தடத்தைக் கொண்டு 2013இல் தைவான் மருத்துவர்களுடன் சேர்ந்து காட்டினார்கள். 2017இல் தைவானியரின் 98 கல்லீரல் கட்டிகளைப் பார்த்தபோது, பத்தில் ஏறத்தாழ எட்டில் அதே தடம் இருந்தது. நம் நாட்டு மருந்தில் பேர்போன ஆடுதீண்டாப்பாளையும் அதே இனச் செடிதான். ஓர் அரிய புற்றுநோயை வரவழைக்கக் கூடிய செடி ஒன்று மருந்துப் பெட்டியில் இருக்க முடியும் என்பதை மறக்கக் கூடாது. வழக்கமான சிகிச்சையை அறவே விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய நோயாளிகள் இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு என்று 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று சொல்கிறது.

உண்மையான எண்களும் தவறான முடிவுக்குத் தள்ளும். புதைபடிவ ஆய்வாளர் ஸ்டீஃபன் ஜே கோல்டுக்கு 1982இல் வயிற்று மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் வந்தது. அந்நோயாளிகளில் பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் இறந்துவிடுவதாக நூலகத்தில் படித்தார். மீதிப் பாதிப் பேர் எட்டு மாதத்தைத் தாண்டுகிறார்கள், சிலர் வெகுதூரம் போகிறார்கள் என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது என்று புள்ளியியல் தெரிந்த அவர் கண்டுகொண்டார். இருபது ஆண்டு வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லாருக்கும் இது வாய்க்கும் என்று இதற்குப் பொருளில்லை. ஓர் எண்ணைப் படித்தால் அது எந்த ஆண்டில், எத்தனை பேரிடம், எந்த மருந்து இருந்த காலத்தில் எடுத்தது என்று பார்க்க வேண்டும். அந்த எண்ணை வைத்து மனத்துக்குள் நாள் குறிக்கக் கூடாது.

ஒத்த நோயாளியின் துணை

மருத்துவர் சொல்ல முடியாத சிலவற்றை அதே நோய் வந்தவர் சொல்வார். சி.எம்.எல் என்ற ரத்தப் புற்றுநோய்க்கு 2001இலும், ஜிஸ்ட் என்ற இரைப்பைக் குடல் கட்டிக்கு 2002இலும் க்ளிவெக் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தியாவில் மேக்ஸ் அறக்கட்டளை வழியாக அம்மாத்திரை இலவசமாகக் கிடைத்தபோது, அதை வாங்க வந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். அறக்கட்டளையின் விஜி வெங்கடேஷ் உடன் நின்று வளர்த்த ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் மேக்ஸ்’ குழு அப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது. கண்ணைச் சுற்றி வரும் வீக்கம், இரவில் கால் இழுத்துக்கொள்வது, திருமணத்துக்கு முன் என்ன சொல்வது, தினமும் மாத்திரை போடச் சலித்தால் என்ன செய்வது: அங்கே பேசப்படுபவை இவை. நல்ல குழுவில் அனுபவம் பகிரப்படும். மருந்தின் அளவை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். யாராவது எதையாவது விற்கத் தொடங்கினால் அது குழு இல்லை, கடை. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இணையத்தில் பிழைத்தவர்தான் பதிவிடுகிறார். இறந்தவரின் பக்கம் அப்படியே நின்றுபோகிறது.

பணமும் எல்லையும்

2022 செப்டம்பர் முதல், சுகாதார அமைச்சின் புற்றுநோய் மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துக்கு, அதில் குறித்துள்ள நோய்க்குப் பயன்படுத்தினால்தான் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி பணம் தருகிறது. 2023 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டங்களும் அவ்வாறே. ஆதாரம் குறைவான அரிய நோய்க்கு மருத்துவர் எழுதும் மருந்து அப்பட்டியலில் இல்லாமல் போகும் வாய்ப்பு அதிகம். 2019இல் தொடங்கிய அரிய நோய் நிதி கைகொடுக்குமா என்றால், அதன் பட்டியலில் இருப்பவை மரபணுக் கோளாறுகள். மருந்துப் பட்டியல் இணையத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கிறது. சிகிச்சை தொடங்குமுன் அதைப் பார்ப்பதும், மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரிடம் கேட்பதும் எந்த இணையத் தேடலையும்விட அவசரமானவை.

தங்குவிடுதியில் வாழும் தமிழக ஊழியரின் நிலை வேறு. 2023 ஜூலை முதல் முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. இது தங்களுக்கு உண்டு என்பதையே அறியாதவர்கள் இருக்கிறார்கள். லிட்டில் இந்தியாவில் ஊழியர்களுக்கு உணவு வழங்கும் டிடபிள்யூசி2, மருத்துவ உதவி செய்யும் ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகள் எடுத்துச் சொல்கின்றன. அவர் சாங்கியில் திருச்சி விமானம் ஏறுவதாக இருந்தால், பையில் அறிக்கையின் நகலும் ஸ்கேன் படங்களும் இருக்க வேண்டும். திசு மாதிரியைப் பெறும் வழியையும் கேட்டுவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊரில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

என்ன செய்யலாம்?

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்கள் எல்லாமே அரியவைதான். ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகள் தன்னிடம் மட்டும் போதிய எண்ணிக்கையில் இல்லாத சிங்கப்பூர், மலேசியாவோடு சேர்ந்து ‘மா-ஸ்போர் 2003’ என்ற கூட்டுச் சிகிச்சை ஆய்வை நடத்தியது. 556 பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஆறாண்டு கடந்தும் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் நோய் மீளாமல் இருந்தார்கள். மருந்தில் முடிந்த கூட்டு தகவலிலும் முடியும். சிங்கப்பூர், மலேசியா, தமிழகம், இலங்கை ஆகிய நான்கு இடங்களின் புற்றுநோய் நிலையங்கள் சேர்ந்தால், அரிய வகை ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் சரிபார்த்த, தேதியிட்ட தமிழ்க் குறிப்பு ஒன்றை உருவாக்குவது பெரிய செலவில்லை. 1964 முதல் இயங்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் இதை முன்னெடுக்கலாம்.

மருத்துவமனைகள் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. நோயின் பெயரைச் சொல்லும் அதே நாளில், அந்தப் பெயரை முழுமையாக எழுதி, நம்பத் தகுந்த இரண்டு மூன்று தளங்களையும் ஆதரவுக் குழுவையும் குறித்த ஒரு தாளை நோயாளியின் மொழியில் கையில் கொடுக்க வேண்டும். மருந்துச் சீட்டு எழுதும் மருத்துவர் தகவல் சீட்டும் எழுதட்டும்.

அதுவரை, வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இப்படியொரு நோய் என்று தெரிந்தால், கூகலைத் திறக்குமுன் திசுப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.