நம்பர் வன் வந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

கல்கரியில் வளர்ந்தவர்களுக்குக் கன்ட்ரி பாட்டு புதிதல்ல. பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து ஸ்டம்பீட் திருவிழா வரை எங்கும் காதில் விழும். போன கிழமை காரில் மேடி அண்ட் டே என்ற இரட்டையரின் 'கேர்ள் இன் எ கன்ட்ரி சாங்' போட்டேன். பெரியம்மாவின் மகன், எங்கள் அண்ணா, சிரித்தார்.

"இது சும்மா பகிடிப் பாட்டு தங்கச்சி. நம்பர் வன்னும் வந்திட்டுது. பிறகென்ன பிரச்சினை?"

அண்ணாவுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

2012இல் ஃப்ளோரிடா ஜார்ஜியா லைன் என்ற ஆண் இரட்டையரின் 'க்ரூஸ்' வந்தது. பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் 24 வாரம் முதலிடம். அதன் பிறகு வானொலியைத் திறந்தால் ஒரே சமையல்தான்: ஒரு பிக்கப் ட்ரக், கொஞ்சம் பியர், கட்டை ஜீன்ஸ் போட்ட ஒரு பெண். அவளுக்குப் பெயர் இல்லை, வேலை இல்லை, வாயும் இல்லை. 2013இல் விமர்சகர் ஜோடி ரோசன் இந்த வகைக்கு 'ப்ரோ-கன்ட்ரி' என்று பெயர் வைத்தார்.

அந்தப் பெண் வாய் திறந்தால் என்ன சொல்வாள்? மேடி மார்லோவும் டேலர் டையும் 2014இல் வெளியிட்ட முதல் சிங்கிள் அதுதான். இருவரும் 1995இல் பிறந்தவர்கள். வீடியோவில் அதே கட்டை ஜீன்ஸை ஆண்களுக்குப் போட்டுவிட்டார்கள். பார்த்தவுடன் சிரிப்பு வரும். ஆணுக்குப் போட்டால் கோமாளித்தனமாகத் தெரிவது, பெண்ணுக்குப் போட்டபோது மட்டும் ஏன் எங்களுக்குச் சாதாரணமாகத் தெரிந்தது? 'சும்மா பகிடி' கேட்கிற கேள்வி இது.

ஃப்ளோரிடா ஜார்ஜியா லைனின் பிரையன் கெல்லி என்ன சொன்னார் தெரியுமா? கன்ட்ரி பாட்டில் வருகிற பெண்ணாக இருக்க விரும்பாத ஒருத்தியையும் தனக்குத் தெரியாது என்ற மாதிரிச் சொன்னார். இரண்டு பேர் பாட்டாகவே பாடிய பிறகும்! செவிடன் காதில் ஊதிய சங்கு.

சரி, நம்பர் வன்னுக்கு வருவோம். 2014 டிசம்பரில் வானொலி ஒலிபரப்புப் பட்டியலில் முதலிடம், உண்மை. 2015 மே மாதம் கீத் ஹில் என்ற வானொலி ஆலோசகர், நேயர்கள் கூட வேண்டுமென்றால் பெண்களின் பாட்டுகளைக் குறையுங்கள் என்றார். ஆண்கள் சாலட்டின் கீரையாம், பெண்கள் நடுவில் போடும் தக்காளியாம். முதலிடம் வந்து அரை வருடம்கூட ஆகவில்லை. 2017இல் இந்த இருவரின் இசை நிறுவனமே மூடப்பட்டது. அவர்களுடைய அடுத்த நம்பர் வன் 2020இல்தான் வந்தது.

ஒரு பெண் குறை சொன்னால் ஒருமுறை கைதட்டுவோம். அவள் தன் காதலை, கவலையைப் பாட வந்தால் சேனலை மாற்றுவோம். இதுதான் நடந்தது.

நானும் சுத்தம் இல்லை. ஏமாற்றிய காதலியைத் திட்டுகிற தமிழ்ப் பாட்டுகளுக்குக் கலியாண வீடுகளில் ஆடியிருக்கிறேன். அந்தக் காதலிக்கும் வாய் இல்லை. அப்போது நான் யோசிக்கவில்லை.

அதனால் அண்ணா, பகிடிப் பாட்டைப் பகிர்ந்துவிட்டு நல்ல பிள்ளை என்று நினைக்காதீர்கள். 2020இல் முதலிடம் வந்த 'டை ஃப்ரம் எ ப்ரோக்கன் ஹார்ட்' பாட்டைக் கேளுங்கள். அதில் யாரையும் நக்கலடிக்கவில்லை. ஒரு மகள் அம்மாவிடம் மனம் விட்டுக் கதைக்கிறாள், அவ்வளவுதான். அதையும் முழுதாகக் கேட்டால்தான் அவள் சொன்னது உங்கள் காதில் விழுந்தது என்று நம்புவேன்.